ஆக்சிஜனைத் தின்னாமல் அளப்பது எப்படி?

கடந்த பருவத்தில், ஒரு தொட்டி திலாப்பியா மீன்களைக் கொன்றுவிட்டேன் என்று பத்து நிமிடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

குமிழிகள் அளவீட்டைக் கெடுக்கின்றன என்று காற்று பம்பை நானே நிறுத்தியிருந்தேன். தண்ணீரில் விட்ட கருவி காட்டிய ஆக்சிஜன் அளவு, லிட்டருக்கு 6 மில்லிகிராமில் தொடங்கி 3-க்கு இறங்கிவிட்டது. பதறிப்போய் ஆய்வுக்கூட அலுவலரை அழைத்தேன். அவர் கருவியைப் பார்க்கவில்லை, மீன்களைப் பார்த்தார்.

“தம்பி, ஒண்ணுகூட மேலே வந்து வாயைத் திறக்கலையே. கருவியைக் கொஞ்சம் ஆட்டிப் பாருங்க.”

ஆட்டினேன். எண் மீண்டும் 6-ஐத் தொட்டது.

நான் பயன்படுத்தியது, அமெரிக்கரான லேலண்ட் கிளார்க் 1950-களில் உருவாக்கிய வகை மின்முனை. மெல்லிய சவ்வைக் கடந்து வரும் ஆக்சிஜன், உள்ளே மின்வேதிவினையில் செலவாகிறது. அந்த மின்னோட்டமே அளவு. அதாவது, தான் அளக்கும் பொருளையே அது தின்கிறது. நீர் அசையாமல் இருந்தால் சவ்வின் அருகே உள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோய், எண் பொய் சொல்லும்.

ஒளியியல் உணர்கருவி வேறு வழியில் போகிறது. அதன் நுனியில் ருத்தேனியம் அல்லது பிளாட்டினம் கலந்த சாயம் பூசப்பட்டிருக்கும். நீல ஒளி பட்டதும் சாயம் சிவப்பாக ஒளிர்கிறது. ஆனால், ஆக்சிஜன் மூலக்கூறு வந்து மோதினால், ஒளியாக வெளிவர வேண்டிய ஆற்றலை அது வாங்கிக்கொள்ளும்; சாயம் ஒளிராமலே அடங்கிவிடும். ஆக்சிஜன் கூடினால் ஒளிர்வு குறையும். இந்த உறவுக்கான சமன்பாட்டை ஸ்டெர்ன், வோல்மர் என்ற இருவர் 1919-லேயே எழுதிவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த தந்திரம். சாயம் நாளடைவில் மங்கும். பிரகாசத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். அதனால் நல்ல கருவிகள், ஒளிர்வு எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்பதை அளக்கின்றன. மைக்ரோவிநாடிக் கணக்குதான்! சாயம் ஓரளவு மங்கினாலும் அந்த நேரம் பெரிதாக மாறுவதில்லை.

இது ஆய்வுக்கூடச் சங்கதி மட்டுமல்ல. 2014, 2015 ஆண்டுகளில் ஜோகூர் நீரிணையிலுள்ள சிங்கப்பூர் மீன்பண்ணைகளில் டன் கணக்கில் மீன்கள் மடிந்தன. ஆக்சிஜன் குறைவும் பாசிப்பெருக்கமும் காரணங்களாகக் கூறப்பட்டன. பகலில் ஆக்சிஜன் தரும் பாசி, இரவு முழுவதும் அதைச் சுவாசித்துத் தீர்க்கிறது. விடியலுக்குச் சற்று முன்புதான் நிலைமை மோசமாகும். அந்நேரத்தில், நீரோட்டமும் அடங்கியிருக்கும்போது, கிளார்க் கருவியை ஆட்டிக்கொண்டிருக்க யார் இருப்பார்கள்? ஒளியியல் கருவிக்கு நீரோட்டம் தேவையில்லை. சேற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடும் கிளார்க் மின்முனையைக் கெடுப்பதுபோல் இதைக் கெடுப்பதில்லை.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். வெப்பநிலைக்கேற்பத் திருத்தம் செய்தே ஆக வேண்டும். சாய மூடியை அவ்வப்போது மாற்ற வேண்டும், அது மலிவும் இல்லை. கடலில் விட்டால் பாசியும் சிப்பியும் நுனியில் குடியேறிவிடும். கடைசியில் தூரிகையோடு ஒருவர் படகில் போகத்தான் வேண்டும்.

மறுவாரம் அதே தொட்டியில் இரு கருவிகளையும் அருகருகே விட்டுப் பார்த்தேன். பழையது இறங்கிக்கொண்டே போனது. புதியது அசையாமல் நின்றது. இரண்டுக்கும் நடுவே திலாப்பியாக்கள் நிம்மதியாகத் திரிந்துகொண்டிருந்தன.