இன்று நொண்டும், நாளை நொண்டாது

சவாரிக் குதிரை வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் புகார் ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை முன்னங்காலைத் தாங்கித் தாங்கி வைத்தது. புதன்கிழமை சரியாகிவிட்டது. சனிக்கிழமை மறுபடியும். டாக்டரை வரவழைத்தால் அவர் முன்னால் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக் காட்டுகிறது.

மென்பொருளில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு இது பழகிய தலைவலி. கஸ்டமர் மெஷினில் வரும் பக் நம்ம மெஷினில் வராது. ஆனால் இங்கே லாக் ஃபைல் கிடையாது. பக் வரும்போதெல்லாம் ஓர் உயிருக்கு வலிக்கிறது.

பணமும் வசதியும் இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். டோட்டிலாஸ் என்ற கறுப்பு ஆண்குதிரை டிரெஸ்ஸாஜ் போட்டிகளில் 2010 உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கியது. அதன்பின் பல மில்லியன் யூரோவுக்கு ஜெர்மனிக்கு விற்கப்பட்டது. 2015 ஆகஸ்டில் ஆஹன் நகரில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப். போட்டிக்கு முன்பான மருத்துவப் பரிசோதனையில் தேறித்தான் களத்துக்கு வந்தது. ஆனால் ஆட்டத்தின்போது பின்னங்கால்களின் தாளம் ஒத்துப்போகவில்லை என்பதை அரங்கில் இருந்த பலர் கவனித்தார்கள். அதன்பின் எடுத்த பரிசோதனையில் இடது பின்னங்கால் எலும்பில் பாதிப்பு தெரிந்தது. அதோடு போட்டி வாழ்க்கை முடிந்தது. பரிசோதனையில் நேராக ஓடிக் காட்டுவது வேறு, ஆளைச் சுமந்துகொண்டு உடம்பைக் குறுக்கி ஆடுவது வேறு. முதல் நிலைமையில் தெரியாதது இரண்டாவதில் தெரிந்தது, அவ்வளவுதான்.

"விட்டு விட்டு" என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். நொண்டல் போய்ப் போய் வருவதில்லை. அதை வெளியே கொண்டுவரும் நிலைமைதான் போய்ப் போய் வருகிறது. அமெரிக்கக் குதிரை மருத்துவர்கள் பயன்படுத்தும் 0 முதல் 5 வரையான அளவுகோலும் இதையே ஒப்புக்கொள்கிறது. 5 என்றால் காலை ஊன்றவே முடியாத நிலை. 1 என்றால் பார்ப்பதற்கே கடினம், எந்தச் சூழலிலும் தொடர்ந்து தெரியாது. 2 என்றால் நேராக நடக்கும்போது தெரியாது, ஆனால் வட்டம், கெட்டித்தரை, சரிவு, சுமை என்று ஏதோ ஒன்றில் தவறாமல் தெரியும். ஆகவே வேலை என்னவென்றால், 1-ல் இருக்கும் குதிரையை எந்தச் சூழல் 2-க்குக் கொண்டுவருகிறது என்று கண்டுபிடிப்பது.

இன்னொரு பாதி நம் கண்ணின் குறை. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் 131 குதிரைகளை அனுபவமுள்ள மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்தார்கள். நொண்டல் தெளிவாக இருந்த குதிரைகளில், ஒரு கால் நொண்டுகிறதா இல்லையா என்பதில் சுமார் 93 சதவீதம் ஒத்துப்போனார்கள். லேசான நொண்டலில் அது 62 சதவீதமாக இறங்கிவிட்டது. காசைச் சுண்டினாலே 50 கிடைக்கும், பாருங்க. அதனால் ஒரு டாக்டர் "இருக்கிறது" என்றும் மற்றவர் "இல்லை" என்றும் சொன்னால் யாரையும் திட்ட வேண்டாம். மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள். நொண்டாத நாளிலும் எடுங்கள், ஒப்பிட அதுவும் வேண்டும்.

பார்ப்பதற்கு ஏற்ற ஓட்டம் ட்ராட். மூலைவிட்டமாக இரண்டு கால்கள் ஒன்றாக விழும், பிறகு மற்ற இரண்டு. இடமும் வலமும் சமமாக இருக்க வேண்டிய ஓட்டம் என்பதால் சமமின்மை சட்டென்று தெரியும். முன்னங்கால் வலித்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது தலையை இறக்கும். பின்னங்கால் என்றால் இடுப்பு எலும்புகளின் ஏற்ற இறக்கத்தைப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இடது பின்னங்கால் வலிக்கிறது என்று வையுங்கள். அது தரையில் படும்போது குதிரை பாரத்தை முன்னால் தள்ளத் தலையை இறக்கும். அதே நொடியில் ஜோடியாகத் தரையில் இருப்பது வலது முன்னங்கால். பார்ப்பவருக்கு வலது முன்னங்கால் நல்ல கால் போலவும், இடது முன்னங்கால் நொண்டுவது போலவும் தெரியும். பின்னங்கால் நோய்க்கு முன்னங்காலில் வைத்தியம் நடப்பது இப்படித்தான்.

சரி, எந்தச் சூழல்? இதற்கு ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். லாயத்திலிருந்து வெளியே வந்ததும் விறைப்பாக இருந்து, பத்து நிமிடத்தில் சரியாகிறதா? மூட்டுத் தேய்மானத்தின் பக்கம் சந்தேகம் சாயும். கெட்டித்தரையில் சின்ன வட்டத்தில் மோசமாகிறதா? குளம்பைப் பார்க்க வேண்டும். ஆழமான மணலில் மோசமாகிறதா? தசைநாண் மாதிரியான மெத்தென்ற பாகங்கள். லாடம் மாற்றிய தேதியை எழுதாமல் விடாதீர்கள். மாற்றிய ஓரிரு நாளில் வந்தால் ஆணி உயிர்ப்பகுதியை நெருக்குகிறதா என்று பார்க்க வேண்டும். கெடு முடியும் வாரங்களில் மட்டும் வந்தால் குளம்பு நீண்டு சமநிலை மாறியிருக்கலாம். ஓய்வில் சுத்தமாக இருந்து, வேகமாக ஓடவிட்டதும் பின்னங்கால் தள்ளாடி, நின்றதும் சரியாகிவிட்டால், அரிதாக அது எலும்பு விஷயமே இல்லை. காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் கட்டி அடைத்திருக்கும். எக்ஸ்ரேயில் இது தெரியாது.

இவை எதுவும் தீர்ப்பு அல்ல, எங்கே தேடலாம் என்ற குறிப்பு மட்டும். தீர்ப்புக்கு மிக அருகில் போவது மரப்பு ஊசி. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியும் இதுதான். காலின் அடியிலிருந்து தொடங்கி, குளம்பின் பின்பகுதிக்குப் போகும் நரம்புகளை முதலில் மரக்கச் செய்கிறார்கள். சில நிமிடம் கழித்து ட்ராட் ஓட்டம். நொண்டல் போய்விட்டால் வலி அந்த எல்லைக்குள். போகாவிட்டால் ஒரு படி மேலே. மேலிருந்து தொடங்கினால் கீழே எல்லாமே மரத்துவிடும், எதுவும் தெரியாது. மருந்து கொஞ்சம் மேலே பரவுவதும் உண்டு, அதனால் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் எடுப்பார்கள். சில சமயம் இடது கால் மரத்ததும் வலது கால் நொண்டத் தொடங்கும். இரண்டிலும் வலி இருந்தது, ஒன்று மற்றதை மறைத்துக்கொண்டிருந்தது. நாவிகுலர் எலும்புப் பகுதியின் வலியில் இது வழக்கமான காட்சி.

ஆனால் நொண்டாத நாளில் இந்த ஊசிக்கு அர்த்தமே இல்லை. இல்லாத நொண்டல் எப்படிப் போகும்? அதனால்தான் நோட்டுப் புத்தகம் முக்கியம். டாக்டர் வரும் நாளுக்கு முன் ஓய்வு கொடுத்து, வலி மருந்தும் கொடுத்து, குதிரையைப் பளபளவென்று நிறுத்துவது அன்பாகத் தெரியும். டாக்டருக்குத் தேவையானதை அது அழித்துவிடும். அவரிடமே கேட்டு, வழக்கமான வேலையோடு, மருந்து இல்லாமல் காட்ட வேண்டும். காலை ஊன்றவே மறுத்தாலோ, திடீர் வீக்கமோ சூடோ இருந்தாலோ இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், உடனே கூப்பிட வேண்டும். எலும்பு முறிவு சந்தேகம் இருக்கும் காலை மரக்கச் செய்து ஓடவிடுவது ஆபத்து.

நேராக எக்ஸ்ரே எடுத்தால் என்ன என்று கேட்கலாம். வயதான, நன்றாக ஓடும் குதிரைகளின் படத்திலும் ஏதாவது ஒரு மாற்றம் தெரியத்தான் செய்யும். எங்கே வலி என்று தெரியாமல் படம் எடுத்தால், முதலில் கண்ணில் படுவதே குற்றவாளி ஆகிவிடும்.

எனக்கு அதிகம் உறுத்துவது, ஆள் ஏறினால் மட்டும் வரும் வகை. அங்கே பல நேரம் நொண்டலே தெரியாது. காதைப் பின்னால் மடக்கும், வாலைச் சுழற்றும், வாயைத் திறக்கும், கட்டளை மாறும்போது தடுமாறும். "சோம்பேறி", "திமிர்" என்று பெயர் கிடைக்கும், கூடவே சாட்டையும். பிரிட்டிஷ் மருத்துவர் சூ டைசனும் அவர் குழுவும் இப்படி 24 நடத்தைகளைத் தொகுத்தார்கள். அவற்றில் 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் எலும்பு, தசை வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் முடிவு. அவர்கள் பார்த்த குதிரைகளில் மரப்பு ஊசி போட்டதும் இந்த எண்ணிக்கை குறைந்தது. திமிர் ஊசியில் குறையாது.

கடைசியாக, சில வாரம் வலி மருந்து கொடுத்துப் பார்க்கும் வழக்கம். மருந்தில் நடத்தை மாறினால் வலி இருந்தது என்று ஓரளவு நம்பலாம். மாறாவிட்டால் வலி இல்லை என்று சொல்ல முடியாது, எல்லா வலிக்கும் அந்த மருந்து கேட்பதில்லை. ஒரு மாத ஓய்வில் சரியாகிப் பழைய வேலைக்குத் திரும்பிய இரண்டாம் வாரமே மறுபடி நொண்டினால், அந்தத் தேதியையும் அன்று செய்த வேலையையும் எழுதி வையுங்கள். டாக்டரை அழைக்க வேண்டிய நாள் அதுதான்.