சாமி துரை

பதுளைப் பாடசாலையொன்றில் மேல்வகுப்பு மாணவருக்குத் தேயிலையின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊவாத் தோட்டங்களிலிருந்து நாள்தோறும் பஸ் ஏறி வருவோரே அவ்வகுப்பிற் பெரும்பாலர். ஸ்கொட்லாந்தில் 1835இல் பிறந்து, பதினாறு வயதில் இலங்கை வந்து, 1867இல் கண்டிச் சீமையின் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரைத் தொழிலாளர் 'சாமி துரை' என அழைத்தனர் என்றேன். தெய்வமாகவே போற்றினர் என்று விளக்கமும் கூறினேன்.

பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "எங்க தாத்தா எல்லாத் துரையையும் சாமின்னுதான் சொல்வாராம், சேர். அப்போ எல்லாருமே தெய்வமா?"

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல்லாண்டாகச் சொல்லிவந்த விளக்கம் அன்று ஆட்டங்கண்டது.

வீடு திரும்பியதும் அவ்விரு சொற்களையும் ஆராயலானேன். துரை என்பது தெலுங்கில் 'தொர' என வழங்கும் சொல்லோடு உறவுடையது. தலைவன், ஆண்டான் என்பது பொருள். (வல்லின றகரத்தோடு எழுதும் மாணவர்க்கு அது கப்பல்துறையாகிவிடும்!) சாமி என்பதோ 'சுவாமி' என்னும் வடசொல்லின் திரிபு. உடைமைக்கு உரியவன் என்பதே அதன் முதற்பொருள். கடவுள் என்பது அதிலிருந்து கிளைத்தது. ஆக, சாமி துரை என்றால் 'ஆண்டானாகிய ஆண்டான்' என்றாகிறது. தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் மிராசுதாரர் முன்னே மேல்துண்டை இடுப்பிற் கட்டிக்கொண்டு 'சாமி' என்று நின்ற மக்கள், கடல் கடந்து மலையேறியபோது அச்சொல்லையும் உடன்கொண்டு வந்தனர். நாவிற் பழகிய அச்சமும் அதில் உண்டன்றோ?

மற்றொரு ஸ்கொட்லாந்தியர் நினைவுக்கு வருகிறார். கிளாஸ்கோவிற் பிறந்து சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோவின் பெயரைத் தெலுங்கு நாட்டார் தம் பிள்ளைகளுக்கு 'மன்றோலப்பா' என்று இட்டனர். அங்கே ஒரு மனிதனின் பெயர் நிலைத்தது. இங்கே டெயிலர் என்னும் பெயரைத் துரை என்னும் பட்டம் விழுங்கிவிட்டது. அப்பட்டமோ எவருக்கும் பொருந்துவது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின, வெள்ளையர் கப்பலேறினர், நம் நாட்டவரே பெரிய துரையாகவும் சின்னத் துரையாகவும் வந்தமர்ந்தனர். பட்டம் மட்டும் இறங்கவில்லை.

எனினும் டெயிலரிடத்தில் தொழிலாளர்க்கு அன்பே இல்லை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. 1892 மே மாதம் சீதபேதியால் அவர் இறந்தபோது, இருபத்து நால்வர், பன்னிருவர் பன்னிருவராகத் தோள்மாற்றி, அந்தப் பருத்த உடலை மலைப்பாதை வழியே கண்டி மஹய்யாவ மயானம் வரை சுமந்தனர். கங்காணிமாரும் தொழிலாளரும் பின்னே நடந்தனர். அவர்கள் அழைத்த பெயரை நூல்கள் காத்துள்ளன. சுமந்தவர் ஒருவரின் பெயரையேனும் நான் கண்ட நூல்கள் சொல்லவில்லை.

மறுநாள் வகுப்பில் இவற்றையெல்லாம் சொன்னேன். என் பழைய விளக்கம் பிழையென்றும் ஒப்புக்கொண்டேன். அந்த மாணவி சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"தாத்தா என்னையும் சாமின்னுதான் கூப்பிடுவாரு, சேர். சோறு ஊட்டும்போது."

அகராதிக் குறிப்பேட்டைத் திறந்து, அப்பொருளையும் எழுதிக்கொண்டேன்.