நிறம் சொல்லும் வயது

பழைய கண்ணாடிச் சாமான் சேகரிப்பதில் மேல்நாட்டாருக்குள்ள மோகம் கொஞ்சநஞ்சமல்ல. உருகிய கண்ணாடியை இரும்பு அச்சிலிட்டு, நெம்புகோலால் அழுத்திச் செய்த கிண்ணங்களுக்கும் ஜாடிகளுக்கும் தனி மவுசு. 1820-களில் அமெரிக்காவில் வளர்ந்த முறை இது. ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளினார்கள். எனவே வடிவம் மலிவு. சில நிறங்கள்தாம் அபூர்வம்.

இண்டியானா மாகாணத்துக் கிரீன்டவுன் என்ற ஊரில் 1894-ல் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கியது. அங்கே ஜேக்கப் ரோசந்தால் என்ற நிபுணர் 1900-ம் ஆண்டில் சாக்லேட் நிறக் கண்ணாடியை உருவாக்கினார். 1903-ன் தொடக்கத்தில் இன்னொரு அதிசயம் வந்தது. தேனின் மேல் பாலாடை படர்ந்தாற்போன்ற பொன்னிறம். அதில் ஹாலி இலைகளும் கனிகளும் கொண்ட சித்திர வேலை. 'தங்க அகேட்' என்று பெயரிட்டார்கள். அவ்வாண்டு ஜூன் 13-ந் தேதி தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. அதை மீண்டும் கட்டவே இல்லை!

ஆறு மாதம்கூட நீடிக்காத நிறம். அசல் கிண்ணம் ஒன்று கிடைத்தால் ஆண்டை மட்டுமா, அரையாண்டையே சொல்லிவிடலாம். ஆனால் பிற்காலத்தில் வேறு சிலரும் அதே சித்திரத்தைப் புது அச்சில் வார்த்திருக்கிறார்கள். நிறத்தை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுப்பவர் ஏமாறுவார்.

ஊதா நிறத்தில் நடக்கும் மோசடி இதைவிடப் பெரிது. மணலிலுள்ள இரும்பு கண்ணாடிக்குப் பச்சைச் சாயல் கொடுக்கும். அதைப் போக்க அந்நாளில் மாங்கனீஸ் சேர்த்தார்கள். அத்தகைய கண்ணாடி பல ஆண்டுகள் வெயிலில் கிடந்தால் இளம் ஊதாவாக மாறும். முதல் உலகப் போர்க் காலத்தையொட்டி மாங்கனீஸ் வழக்கம் பெரும்பாலும் குறைந்துவிட்டது. ஆகவே இளம் ஊதா ஒரு நல்ல தடயம். இது தெரிந்த சிலர் பழைய வெள்ளைக் கண்ணாடியைக் காமா கதிரில் வைத்துக் கருஊதாவாக்கி, 'அபூர்வ நிறம்' என்று விற்கிறார்கள். உண்மையான பழம்பொருளைத் தாங்களே கெடுத்துவிட்டு அதிக விலை கேட்கும் துணிச்சலை என்னவென்பது?

யுரேனியம் கலந்த மஞ்சள்பச்சைக் கண்ணாடி, புற ஊதா விளக்கில் பச்சையாக ஜொலிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் கண்ணாடிக்கு யுரேனியம் கிடைக்காமல் போய், 1958-ல்தான் மறுபடி கிடைத்தது. இன்றும் அத்தகைய கண்ணாடி செய்கிறார்கள். பாட்டி காலத்துத் தட்டும் போன வருஷத்துத் தட்டும் ஒன்றாகவே ஒளிவீசும். மாங்கனீஸும் மங்கலாகப் பச்சை காட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இங்கிலாந்துச் சாமானாயிருந்தால் வேலை சற்று எளிது. 1842 முதல் 1883 வரை, பதிவு செய்த வடிவங்களில் சீட்டுக்கட்டு டைமன் போன்ற முத்திரை இருக்கும். அதன் உச்சியிலுள்ள வட்டத்தில் மூன்றைக் குறிக்கும் ரோமன் எண் இருந்தால் கண்ணாடி இனம். ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1867 வரை மேல் மூலையில். 1868 முதல் வலது மூலையில். 1884 முதல் வரிசை எண்.

அதுவும் வடிவத்தைப் பதிவு செய்த தேதிதான், வார்த்த தேதியல்ல. அச்சு தேயும்வரை அதே முத்திரையுடன் வார்த்திருக்கலாம். எனவே கடைசியில் பாத்திரத்தைக் கவிழ்த்து, பூதக்கண்ணாடியால் அடிவிளிம்பைப் பாருங்கள். பல காலம் மேஜையில் புழங்கியதில் விழுந்த கீறல்கள் நாலா பக்கமும் தாறுமாறாக ஓடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவை பெரும்பாலும் ஒரே திசையில் வரிசையாக நிற்கும்.