முதல் கார் "ஸ்போர்ட்ஸ்" காராக இருக்கலாமா?

மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது. கையில் கொஞ்சம் பணமும் சேர்ந்துவிட்டது.

"பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கட்டுமா, அப்பா?" என்று கேட்கிறான்.

அப்பா என்ன சொல்வது?

விலை மலிவாக இருக்கலாம். செலவு மலிவு அல்ல!

இந்தக் கார்கள் தரையை ஒட்டி ஓடுபவை. பெரம்பலூர் வழியாகச் செல்லும் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் பறக்கும். அரியலூர்ப் பக்கம் திரும்பினால்? சுண்ணாம்புக்கல் லாரிகள், சிமெண்டு லாரிகள், வேகத்தடைகள். காரின் அடிப்பாகம் தட்டும்.

இன்சூரன்சு எவ்வளவு?

2022-ம் ஆண்டில் நிர்ணயித்த கட்டணத்தைப் பாருங்கள். பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான இன்சூரன்சு, 1,000 சி.சி.க்கு மேற்படாத காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு 7,897 ரூபாய்!

பெயர் மாற்றம்

என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். கடன் பாக்கி உண்டா என்று விசாரியுங்கள். தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள்.

29, 30-ம் எண் படிவங்களில் கையெழுத்து வாங்கி, உடனே பெயரை மாற்றுங்கள். விற்பவருக்கும் இது அவசியம். பெயர் மாறுமுன் விபத்து நடந்தால், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்புக் கூறியது.

மகனின் ஆசையைக் குற்றம் சொல்ல வேண்டாம். முதலில் சிறிய காரில் கை பழகட்டும். வேகமான கார் பிறகு வரட்டும். அவன் பத்திரமாக வீடு திரும்புவதே முக்கியம்!