உங்களுக்குத் தெரியுமா? மரத்தில் பழுக்காத பழம்!

மெக்சிகோ நொறுக்குத்தீனியான நாச்சோஸுக்கு மேல் குவியும் குவாக்கமோலே மசியலின் உயிர் அவகேடோ. அது மரத்தில் பழுக்கவே பழுக்காது! முற்றிய காயைப் பறித்த பிறகுதான் கனியத் தொடங்கும்.

• அவசரமா? காகிதப் பையில் வாழைப்பழத்தோடு போட்டு வையுங்கள். வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு சீக்கிரம் பழுக்கவைக்கும். காம்புப் பக்கம் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், அதுதான் பதம்.

• மசித்த அவகேடோவில் கொட்டையைப் போட்டுவைத்தால் கறுக்காது என்பதை நம்பாதீர்கள். கொட்டை மூடிய இடம் மட்டுமே தப்பும். எலுமிச்சை பிழிந்து, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் தாளை மசியலோடு ஒட்டி மூடுங்கள்.

• 1940களின் தொடக்கத்தில் மெக்சிகோவின் பியத்ராஸ் நெக்ராஸ் நகரில் பிறந்த முதல் நாச்சோஸில் மாட்டிறைச்சியும் இல்லை, குவாக்கமோலேயும் இல்லை. பொரித்த சோள ரொட்டித் துண்டுகள், சீஸ், ஊறவைத்த ஹாலப்பீனோ மிளகாய், அவ்வளவுதான்!

• நாச்சோஸில் கொத்துக்கறி சேர்த்தால் கொழுப்பை வடித்துவிடுங்கள். சோளத் துண்டுகள் நமத்துப்போகாது.