கோலிக்குண்டின் தழும்பு

பழைய கண்ணாடிக் கோலி கையால் செய்யப்பட்டதா, இயந்திரத்தில் உருவானதா என எங்ஙனம் அறிவது? அதன் தழும்பே விடை பகரும்.

ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்து லௌஷா என்னும் ஊரில் 1846-ஆம் ஆண்டளவில் கோலி செய்வதற்கென்றே ஒரு கத்தரிக்கோல் உருவாயிற்று. வண்ண இழைகள் பொதிந்த கண்ணாடித் தண்டை நெருப்பில் இளக்கி, கத்தரியின் கிண்ணம் போன்ற முனையில் சுழற்றி உருண்டையாக்கி வெட்டினர். வெட்டுண்ட இடத்தில் சொரசொரப்பான தழும்பு எஞ்சியது. பெரும்பாலும் எதிரெதிரே இரு தழும்புகள் காணப்படும்.

1905-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் மார்ட்டின் கிறிஸ்டென்சன் கோலி உருட்டும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். முழுவதும் இயந்திரத்திலேயே உருவாகும் கோலிகளில் இத்தழும்பு இராது.

எனவே அன்பர்களே, பழங்கோலி கிடைப்பின் பளபளப்பை விரும்பித் தேய்த்து மெருகேற்றாதீர்கள். கீறல்களோடு தழும்பும் அழிந்துபோகும். அதனைச் செய்த கையின் சான்றும் மறைந்துவிடும். வெதுவெதுப்பான நீரும் மென்துணியுமே போதும்.