நம்பர் ஒண்ணு... டயர் வேற!

'டிராக்டர்ல இருந்து கழட்டின முன் டயர் ரெண்டு சும்மா கிடக்கு. 6.00-16-னு போட்டிருக்கு. பழைய ஜீப்புக்கும் அதே நம்பர்தானே, மாட்டிக்கலாமா?' சூலக்கரை, சாத்தூர் பக்கம் பழைய மஹிந்திரா ஜீப்பை வைத்துக்கொண்டு பருத்தி, மக்காச்சோள மூட்டை ஏற்றும் விவசாயிகளுக்கு இந்த யோசனை வராமல் இருக்காது. டயர் விற்கிற விலை அப்படி!

பதில், வேண்டாம்.

முதலில் நம்பரைப் பார்ப்போம். 6.00 என்பது டயரின் அகலம், 16 என்பது ரிம்மின் விட்டம். இரண்டுமே அங்குலக் கணக்கு. இந்த மாதிரி பழைய டயர்களில் உயரமும் ஏறக்குறைய அகலத்தின் அளவுதான். ஆக, மேலே 6, கீழே 6, நடுவில் 16. மொத்தம் சுமார் 28 அங்குலம். வில்லிஸ் ஜீப் காலத்தில் இருந்தே இதுதான் ஜீப்பின் அளவு. நம் ஊர் டிராக்டர்கள் பலவற்றுக்கு முன் சக்கரமும் இதே அளவு. ரிம்மில் கச்சிதமாக உட்காரும். சிக்கலே அங்கேதான்.

டிராக்டர் முன் டயரில் நீளவாக்கில் மூன்று வரப்பு ஓடும். உழவில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மண்ணைப் பிடித்துக்கொள்ள அது வேண்டும். தார் ரோட்டில், அதுவும் மழை ஈரத்தில் பிரேக் அடித்தால் அந்த வரப்பு நிற்காது, வழுக்கும். பக்கவாட்டில் பாருங்கள், A6 அல்லது A8 என்று இருக்கும். A6 என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர், A8 என்றால் 40. அந்த வேகத்துக்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். விருதுநகர் நாலு வழிச்சாலையில் மூட்டையோடு 60-ல் போனால், சித்திரை வெயிலில் டயர் சூடேறி ரப்பர் பிரிந்துவிடும். முன் சக்கரம் வெடித்தால் ஸ்டியரிங் நம் கையில் இருக்காது. (ஜீப் டயரை டிராக்டரில் மாட்டுவதும் சரியல்ல. ஈரக் கரிசலில் வண்டி திரும்பாது.)

'அப்போ 407 வேனோட 7.50-16 போடலாமே, ரிம் 16தானே' என்பார்கள் சிலர். அகலம் கூடுவதால் ஜீப்பின் குறுகலான ரிம்மில் அது சரியாக விரியாது. விட்டமும் 31 அங்குலம் ஆகிவிடும். மீட்டர் 40 காட்டும்போது வண்டி 44-ல் ஓடும். இழுவை குறையும், பிரேக்குக்கு வேலை கூடும். தயாரிப்பாளர் கொடுத்த அளவில் இருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் தடுக்கிறது.

கடையில் 6.00-16 கேட்கும்போது 'ஜீப்புக்கு' என்று சொல்லிக் கேளுங்கள். PR என்ற எழுத்துக்கு முன்னால் உள்ள எண் டயரின் வலுவைச் சொல்லும். பழைய டயரில் இருந்த எண்ணைவிடக் குறையக் கூடாது. ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் சாதா என்று மாட்டாதீர்கள்.

இந்த அளவு இப்போது அதிகம் ஓடாததால், பல வருஷம் கிடங்கில் கிடந்த டயரும் 'புதுசு' என்று வரும். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஐந்தாறு வருஷம் தாண்டியதை, பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் வாங்க வேண்டாம். டயரை வளைத்துப் பாருங்கள், முடி போல வெடிப்பு தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.